மீன் வாடை அடித்த புட்டி: வேதியியல் ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேதியியல் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும், சம்பளமில்லாமல் கண்விழித்துக் கட்டுரைகளைப் படித்துத் தரும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம்.

உலோக-கரிமச் சட்டகங்கள் என்று சொல்லப்படும் நுண்துளைப் படிகங்களைச் செய்வது என் வேலை. உலோக அணுக்கொத்துகள் மூட்டுகள், கரிம மூலக்கூறுகள் அவற்றைக் கோக்கும் கழிகள், நடுவில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் கரியமில வாயுவைப் பிடிக்கலாம், ஹைட்ரஜனைச் சேமிக்கலாம், வறண்ட காற்றிலிருந்து தண்ணீரைக்கூட எடுக்கலாம். 2025ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு இந்தத் துறைக்காக சுசுமு கிடாகவா, ரிச்சர்ட் ராப்சன், ஒமர் யாகி மூவருக்கும் அறிவிக்கப்பட்ட அன்று எங்கள் ஆய்வகத்தில் யாரும் உருப்படியாக வேலை பார்க்கவில்லை.

பரிசைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் ஒரு புட்டியைப் பற்றி எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஓர் இதழில் வந்த சிர்க்கோனியம் சட்டகம் ஒன்றை நான் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. செய்முறை மொத்தமே நான்கு வரி. சிர்க்கோனியம் டெட்ராகுளோரைடு இவ்வளவு, இணைப்பு அமிலம் (கழியாகும் கரிம மூலக்கூறு) இவ்வளவு, டி.எம்.எஃப். கரைப்பான் இத்தனை மில்லி, 120 டிகிரியில் 48 மணி நேரம். வெண்ணிறப் படிகத்தூள் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. எனக்குக் கிடைத்தது வழவழவென்று ஒரு பசை. அதைக் கழுவி, உலர்த்தி, எக்ஸ்-கதிர் தூள் கருவியில் வைத்தேன். அது தரும் வரைபடத்தில் 7 டிகிரிக் கோணத்துக்குப் பக்கத்தில் ஊசி மாதிரி நிற்க வேண்டிய முதல் முகடு இல்லை. அந்த இடத்தில் ஒட்டகத் திமில் மாதிரி ஒரு மேடு, அவ்வளவுதான். படிகமே ஆகவில்லை என்று அர்த்தம்.

வெப்பநிலையை ஏற்றினேன், இறக்கினேன். நேரத்தைக் கூட்டினேன். புது சிர்க்கோனியம் உப்பு வாங்கினேன். கண்ணாடிக் குப்பியை மாற்றினேன். அடுப்பின் மேல்தட்டுக்கும் கீழ்தட்டுக்கும் வெப்பநிலை வித்தியாசம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தேன் (இருந்தது, ஆனால் அது காரணமில்லை). 23 முறை செய்தேன். 23 முறையும் திமில்.

24ஆவது முறை புது டி.எம்.எஃப். தீர்ந்துபோயிருந்தது. ஃப்யூம் ஹூட்டுக்கு (நச்சுப்புகையை வெளியே இழுக்கும் கூண்டு) அடியில், யாரோ இரண்டு வருடங்களுக்கு முன் திறந்து, பாதி தீர்த்து, மறந்துபோன ஒரு புட்டி கிடந்தது. மூடியைத் திறந்ததும் லேசாக மீன் வாடை. வேறு வழியில்லாமல் அதையே ஊற்றினேன். இரண்டு நாள் கழித்துக் குப்பியின் அடியில் மணல் மாதிரி வெள்ளைத்தூள் படிந்திருந்தது. கருவியில் 7 டிகிரிக்குப் பக்கத்தில் முகடு கூர்மையாக எழுந்து நின்றது.

காரணம் வேதியியலாளர்களுக்குப் புதிதல்ல. டி.எம்.எஃப். ஈரத்தை இழுக்கும். ஈரம் பட்டால் மெதுவாகச் சிதைந்து டைமெத்தில் அமீனும் ஃபார்மிக் அமிலமும் ஆகும். மீன் வாடை அந்த அமீனுடையது. வேலையைச் செய்தது ஃபார்மிக் அமிலம். இணைப்பு அமிலம் சிர்க்கோனியத்தைப் பிடிக்கப் போகும் இடத்தில் இதுவும் போய்ப் போட்டி போடும். பிணைப்புகள் அவசரமாக விழாமல், விழுந்தது அவிழ்ந்து மறுபடி விழ நேரம் கிடைக்கும். அப்படித் திருத்திக்கொள்ள நேரம் கிடைத்தால்தான் படிகம், இல்லாவிட்டால் பசை. கொஞ்சம் தண்ணீரும் தேவைப்பட்டது, ஏனென்றால் சிர்க்கோனியம் கொத்தின் நடுவில் இருக்கும் ஆக்சிஜன் எங்கிருந்தாவது வர வேண்டும். புத்தம்புது டி.எம்.எஃப்.பில் அளந்து தண்ணீரும் ஃபார்மிக் அமிலமும் சேர்த்தேன். முதல் முறையே படிகம். மூல ஆய்வாளருக்கு எழுதினேன். அவர் நல்ல மனிதர், மறுநாளே பதில் வந்தது: தாங்கள் பயன்படுத்தியது திறந்து வெகுநாளான ஒரு பெரிய கலன், அது முக்கியம் என்று அப்போது தோன்றவில்லை.

இதையெல்லாம் ஒரு பக்கக் குறிப்பாக எழுதி, மூலக் கட்டுரை வந்த இதழுக்கே அனுப்பினேன். நான்கு நாளில் பதில்: புதுமை போதாது.

சரி, போதாதுதான். புதுச் சேர்மம் இல்லை, புது அமைப்பு இல்லை. ஆனால் அந்த நான்கு வரிச் செய்முறையை நம்பி இன்று எந்தெந்த ஆய்வகத்தில் யார் யார் பசையைக் கழுவிக்கொண்டிருக்கிறார்களோ. இந்த மடல் அந்தப் பதிலுக்குக் கொஞ்சம் தாமதமான மறுமொழி.

இது என் கைராசி இல்லாமையா என்று முதலில் எனக்கும் சந்தேகம் இருந்தது. 2024இல் அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது. பி.சி.என்-222, பி.சி.என்-224 என்று இரண்டு சிர்க்கோனியம்-பார்ஃபிரின் சட்டகங்கள். இரண்டும் நன்கு அறிமுகமானவை, பல பயன்பாடுகளுக்குப் பேசப்படுபவை. இவற்றை வெவ்வேறு ஆய்வகங்களில் செய்து பார்த்து ஒப்பிட்டார்கள். பி.சி.என்-222இல் 10 மாதிரிகளில் ஒன்றே ஒன்றுதான் கலப்பில்லாமல் சரியான சமச்சீருடன் வந்தது. பி.சி.என்-224இல் மூன்று கலப்பில்லாமல் வந்தன, ஆனால் அந்த மூன்றிலும் இணைப்பு மூலக்கூறுகள் மூலக் கட்டுரை சொல்கிற ஒழுங்கில் உட்காரவில்லை. செய்தவர்கள் மாணவர்களின் முதல் வருடப் பயிற்சிக்காகச் செய்யவில்லை. இந்தத் துறையிலேயே ஊறியவர்கள்.

செய்வதில்தான் இந்தச் சிக்கல், அளப்பதில் இல்லை என்று நினைத்தால் அதுவும் இல்லை. நுண்துளைப் பொருளின் பெருமையே அதன் பரப்பளவு. ஒரு கிராமுக்கு இத்தனை ஆயிரம் சதுர மீட்டர் என்று கட்டுரைச் சுருக்கத்தின் முதல் வரியிலேயே எழுதுவோம். நைட்ரஜன் எவ்வளவு ஒட்டுகிறது என்று அளந்து, பி.இ.டி. சமன்பாட்டில் போட்டு அந்த எண்ணை எடுக்கிறோம். 2022இல் ஒரு குழு, ஏற்கெனவே அளந்து முடித்த 18 ஒட்டல் வளைகோடுகளை 61 ஆய்வகங்களுக்கு அனுப்பி, பரப்பளவு எவ்வளவு என்று கேட்டது. கவனியுங்கள், மாதிரியை அனுப்பவில்லை, தரவை அனுப்பியது. எல்லோர் கையிலும் ஒரே எண்கள். அப்படியும் வந்த விடைகள் கவலைப்படும் அளவுக்குச் சிதறியிருந்தன. வளைகோட்டில் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை நேர்கோடு பொருத்துவது என்பதை ஒவ்வொருவரும் தன் கண்ணளவில் முடிவு செய்ததுதான் காரணம். இப்போது கேட்கிறேன்: நீங்கள் அச்சிடுவது பரப்பளவு என்ற ஒற்றை எண்ணை. எந்தப் புள்ளிகளை எடுத்தேன் என்பதை எத்தனை கட்டுரைகளில் கேட்டு வாங்குகிறீர்கள்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நான் மோசடியைப் பற்றிப் பேசவில்லை. மோசடி அபூர்வம், அகப்பட்டால் எல்லோருக்கும் கோபம் வரும், விஷயம் முடிந்துவிடும். நான் சொல்வது நம் எல்லோருக்கும் உள்ள இன்னொரு பழக்கத்தை. கட்டுரையை எழுதும்போது வீட்டைப் பெருக்கித் துடைத்து விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, வேலை செய்யாத சோதனைகளையும் பொருந்தாத முகடுகளையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். நீங்கள் அதற்குச் 'சுத்தமான தரவு' என்று பெயர் வைத்துப் பாராட்டுகிறீர்கள்.

படிக அமைப்பு என்பதே ஒரு முடிவுதான், ஒரு வாசிப்புதான் என்பதை வெளியே இருப்பவர்களை விட உள்ளே இருக்கும் நாமே அடிக்கடி மறந்துவிடுகிறோம். எக்ஸ்-கதிர் நமக்கு அணுக்களைக் காட்டுவதில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகளின் செறிவைக் காட்டுகிறது. அதிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம் போட்டு, இந்த மேடு ஆக்சிஜன், அந்த மேடு குளோரின் என்று நாம் பெயர் வைக்கிறோம். அந்த மேடுகூட ஒரு மூலக்கூறுடையது அல்ல, படிகத்தில் இருக்கும் கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரி.

சராசரி என்ன செய்யும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை நீலமும் பச்சையும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் வேதியியலாளர் ஜோசப் சாட்டின் குழு மாலிப்டினம் சேர்மங்கள் சிலவற்றை ஆராய்ந்தது. மாலிப்டினத்தோடு ஓர் ஆக்சிஜன், இரண்டு குளோரின், மூன்று பாஸ்ஃபீன் (பாஸ்பரஸ் உள்ள மூலக்கூறு). சில நீலப் படிகங்கள், சில பச்சைப் படிகங்கள். பச்சையில் மாலிப்டினம்-ஆக்சிஜன் பிணைப்பு நீலத்தில் இருப்பதைவிடப் பத்தில் ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் மேல் நீளம். மற்றபடி எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு பிணைப்பின் நீளத்தில் மட்டும் வேறுபடும் இரண்டு வடிவங்கள்! உலோக அணுவைச் சுற்றி மூலக்கூறுகள் அணையும் சேர்மங்களைப் படிக்கும் அணைவு வேதியியலில் இது பெரிய செய்தி. பெயர் வைத்தார்கள், உதாரணங்கள் சேர்ந்தன. ரோல்ட் ஹாஃப்மன் உட்பட்ட கோட்பாட்டாளர்கள் இது எப்படிச் சாத்தியம் என்று விளக்கம் எழுதினார்கள். கிட்டத்தட்ட இருபது வருடம் ஓடியது.

1990களின் தொடக்கத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் பார்க்கினும் அவர் குழுவினரும் பச்சையை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பச்சை என்று தனியாக ஒன்று இல்லை. அது நீலச் சேர்மம், அதற்குள் கொஞ்சம் மஞ்சள் சேர்மம். மஞ்சளில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் குளோரின் இருக்கும், மற்றபடி வடிவம் அச்சு அசல் அதேதான், அதனால் இரண்டும் ஒரே படிகத்துக்குள் கலந்து உட்கார்ந்துவிடும். குளோரினுக்கு 17 எலக்ட்ரான், ஆக்சிஜனுக்கு 8. குளோரின் மாலிப்டினத்திலிருந்து இன்னும் தள்ளி உட்காரும். நூற்றில் சில இடங்களில் குளோரின் இருந்தாலே போதும், சராசரி மேடு வெளிப்பக்கமாக நகரும், பிணைப்பு நீண்ட மாதிரி தெரியும். எவ்வளவு மஞ்சள் கலந்ததோ அவ்வளவு நீளம். நீலத்தில் மஞ்சளைக் குழைத்தால் பச்சை என்பது வண்ணப்பெட்டி வைத்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் தெரியும், நமக்குத் தெரிய இருபது வருடம் ஆனது.

யாரும் பொய் சொல்லவில்லை. கணக்கும் ஒழுங்காகத்தான் பொருந்தியது. அதுதான் பயம்.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. 1980களில் குளோரினைச் சுற்றி ஆறு ஃபுளோரினும், தாமிரத்தைச் சுற்றி நான்கு ஃபுளோரினும் உள்ள ஓர் அதிசய உப்பு என்று ஒரு படிக அமைப்பு அறிவிக்கப்பட்டது. பின்னால் பார்த்தால் அது தண்ணீரோடு சேர்ந்த சாதாரண தாமிர ஃபுளோரோசிலிகேட். சிலிக்கானைக் குளோரின் என்றும், தண்ணீரின் ஆக்சிஜனை ஃபுளோரின் என்றும் படித்திருந்தார்கள். எலக்ட்ரான் எண்ணிக்கையில் அதிகம் தள்ளிப்போகாத தனிமங்கள், ஹைட்ரஜனோ கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

தரவு கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 2010 ஜனவரியில் ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா இ இதழ், தான் வெளியிட்ட அமைப்புகளில் குறைந்தது 70 புனையப்பட்டவை என்று தானே அறிவித்தது. ஓர் உண்மையான தரவை எடுத்து, அதில் ஓர் உலோகத்துக்குப் பதில் இன்னொன்று, ஒரு தொகுதிக்குப் பதில் இன்னொன்று என்று மாற்றி மாற்றி 'புதுச் சேர்மங்கள்' செய்திருந்தார்கள். எப்படிப் பிடிபட்டது? அந்த இதழ் ஒவ்வொரு அமைப்போடும் விளிம்பு விளைவுச் செறிவுகளையும் (மேலே சொன்ன எக்ஸ்-கதிர்ப் புள்ளிகளின் அளவுகள்) கேட்டு வாங்கி வைத்திருந்தது. சோதனைத் திட்டங்கள் மேம்பட்டபோது பழையதையெல்லாம் மறுபடி ஓட்டினார்கள். வெவ்வேறு சேர்மங்களுக்கு ஒரே தரவு என்று தெரிந்துபோனது. அந்த ஆசிரியர்களுக்கு அது தலைகுனிவாக இருந்திருக்கும். எனக்கு அந்த இதழ் மேல் மரியாதை கூடியது அன்றைக்குத்தான். கேட்டு வாங்காத இதழ்களில் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லையே.

இனி, வேலை செய்யாத சோதனைகளுக்கு வருகிறேன். கட்டிலுக்கு அடியில் இருப்பதில் பெரிய குவியல் அதுதான்.

ஹாவர்ஃபோர்டு என்ற சின்னக் கல்லூரி ஒன்றில் ஒரு குழு, பல வருடத்து ஆய்வகக் குறிப்பேடுகளைத் தூசி தட்டி எடுத்தது. வனேடியம் செலினைட் படிகங்கள் செய்யும் முயற்சிகள். கட்டுரைகளில் வராத, தோற்றுப்போன வினைகளையும் சேர்த்துக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அப்புறம், இதுவரை யாரும் பயன்படுத்தாத அமீன்களை (படிகம் உருவாக வார்ப்பு மாதிரி உதவும் நைட்ரஜன் சேர்மங்கள்) கொடுத்து, எந்த நிலையில் படிகம் வரும் என்று கணினியையும் கேட்டார்கள், அனுபவசாலிகளின் உள்ளுணர்வையும் பின்பற்றினார்கள். மனிதர்களுக்கு நூற்றுக்கு 78, கணினிக்கு 89. 2016இல் நேச்சர் இதழில் அது வந்ததும், எங்கள் ஆய்வகத்தில் பலர் தங்கள் பழைய குறிப்பேடுகளைத் தேட ஆரம்பித்தார்கள்.

அதே குழுவின் 2019 கட்டுரை இன்னும் காரமானது. இந்த வகைச் சேர்மங்களில் பயன்பட்ட அமீன்களைக் கணக்கெடுத்தார்கள். 17 சதவீத அமீன்கள்தான் 79 சதவீதச் சேர்மங்களில் வருகின்றன. சரி, அவை நன்றாக வேலை செய்வதால்தானே எல்லோரும் எடுக்கிறார்கள் என்று தோன்றும். அதையும் சோதித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி அமீன்களையும் நிலைமைகளையும் தேர்ந்தெடுத்து 548 சோதனைகள். பிரபலமானவை மற்றவற்றைவிட ஒன்றும் கூடுதலாக வெற்றி தரவில்லை. முன்னால் போனவர் எடுத்ததால் பின்னால் வந்தவரும் எடுத்தார், கதை அவ்வளவுதான். தோல்விகள் அச்சில் வராதபோது நமக்கு எது வேலை செய்யாது என்று தெரிவதில்லை என்பது ஒரு பக்கம். எது வேலை செய்யும் என்று தேடிப் பார்க்கவே இல்லை என்பதும் தெரிவதில்லை.

முன்பெல்லாம் இந்தக் குறையை மனிதர்கள் வாய்வழியாகச் சரிசெய்துகொண்டார்கள். கருத்தரங்கில் இடைவேளையில் "அது சும்மா வராது, கொஞ்சம் பழைய கரைப்பான் போடுங்கள்" என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னார். இப்போது உங்கள் இதழ்களை முழுமூச்சாகப் படிப்பது இயந்திரங்கள். அவற்றுக்கு இடைவேளை கிடையாது. நீங்கள் அச்சிட்டது மட்டும்தான் அவற்றுக்கு உலகம்.

2023 நவம்பரில் பெர்க்லியிலிருந்து ஏ-லேப் என்ற தானியங்கி ஆய்வகத்தின் கட்டுரை வந்தது. 17 நாளில், குறிவைத்த 58 சேர்மங்களில் 41ஐச் செய்துவிட்டதாகச் சொன்னார்கள். ரோபோ தூளை அரைக்கிறது, சுடுகிறது, எக்ஸ்-கதிரில் வைக்கிறது, முகடுகளைப் படித்து 'வந்துவிட்டது' என்கிறது. சில மாதங்களில் ராபர்ட் பால்கிரேவ், லெஸ்லி ஷூப் முதலான வேதியியலாளர்கள் அந்த வரைபடங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, புதுச் சேர்மம் என்று சொல்ல ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். ஏ-லேப் நம்பிய கணினிக் கணிப்பு, அணுக்கள் ஆளுக்கொரு இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறது. நிஜத்தில் பல இடங்களில் இரண்டு உலோகங்கள் ஒரே இருக்கையில் மாறி மாறி உட்கார்ந்திருக்கும், அப்படிக் கலைந்த வடிவம் பல ஏற்கெனவே அறிமுகமானது. மறுபடியும் நீலமும் மஞ்சளும்தான்.

இந்தச் சண்டையில் யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று நான் தீர்ப்பு சொல்லப்போவதில்லை. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஏ-லேப் குழு தங்கள் எக்ஸ்-கதிர்ப் பொருத்தங்களைத் துணைக் கோப்பில் வெளிப்படையாக வைத்திருந்தது. அதனால்தான் விமர்சிக்கவே முடிந்தது. வெறும் பட்டியலாகக் கொடுத்திருந்தால் 41 என்பது 41 ஆகவே இருந்திருக்கும், அடுத்த இயந்திரம் அதைப் பாடமாகப் படித்திருக்கும்.

இதெல்லாம் ஆய்வகத்துக்குள் நடக்கும் சச்சரவுதானே என்று நினைப்பவர்களுக்கு ரிடோனவிர் நினைவிருக்கும். ஹெச்.ஐ.வி. மருந்து, 1996இல் சந்தைக்கு வந்தது. அன்று தெரிந்த படிக வடிவம் ஒன்றே ஒன்று. 1998இல் மாத்திரைக் கூடுகளில் கரைதிறன் சோதனை தோற்க ஆரம்பித்தது. பார்த்தால் உள்ளே இன்னொரு படிக வடிவம், மூலக்கூறு கொஞ்சம் முறுக்கி வேறு மாதிரி அடுக்கிக்கொண்டது. அதிக நிலைத்தன்மை, அதனாலேயே மிகக் குறைந்த கரைதிறன். ஒருமுறை அது தோன்றிய பிறகு பழைய வடிவத்தைச் செய்ய முடியாமல் தவித்தார்கள், கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விதை போதும். மருந்தைச் சந்தையிலிருந்து விலக்கி, வேறு வடிவில் தயாரிக்க வேண்டி வந்தது. அதை நம்பி இருந்த நோயாளிகளை யோசித்துப் பாருங்கள். இப்போது மருந்துத்துறையில் பல்லுருவத் தேடலை (ஒரே மருந்தின் வேறு படிக வடிவங்களைத் தேடுவதை) சிரத்தையாகச் செய்கிறார்கள். ஆனால் ஆய்விதழில் வரும் சாதாரணக் கட்டுரையில், "எத்தனை கரைப்பானில் முயன்றோம், எதில் என்ன வந்தது" என்ற அட்டவணையைப் பார்ப்பது இன்றும் அரிது.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும், ஏனென்றால் மதிப்பீட்டாளர் நாற்காலியில் நானும் உட்கார்ந்து அதையே சொல்லியிருக்கிறேன். ஒரு கட்டுரையில் 26 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முகடு பொருந்தாமல் நின்றது. "மாதிரியைச் சுத்தம் செய்து வரைபடத்தை மீண்டும் அனுப்பவும்" என்று எழுதினேன். திருத்திய பிரதியில் முகடு இல்லை. மாதிரி சுத்தமானதா, வரைபடம் மட்டும் சுத்தமானதா என்று நான் கேட்கவில்லை. வெளியிடலாம் என்று எழுதிவிட்டுத் தூங்கப் போனேன். அந்த முகடு என்ன என்று கேட்டிருக்க வேண்டும். இருக்கட்டும், அதுவும் சேர்த்து அச்சாகட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இடம் போதாது என்பது காகிதத்தில் அச்சடித்த காலத்துப் பதில். ஒற்றைப் படிகத் தரவின் மூலப் படங்கள் எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் சில ஜிகாபைட். ஒரு கல்யாண வீடியோ அதைவிடப் பெரிது. கேம்பிரிட்ஜ் படிகத் தரவகம் 1965இல் தொடங்கி, 2019இல் பத்து லட்சம் அமைப்புகளைத் தொட்டது. அவ்வளவையும் பொறுமையாக ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறார்கள், நம்மால் முடியும் என்பதற்கு அதுவே போதும். யார் படிப்பார்கள் என்று கேட்டால், 23 பசைகளைக் கழுவிய நான் படிப்பேன். போட்டியாளருக்கு உதவியாகிவிடும் என்கிறார்கள். ஆகட்டுமே, செய்முறை என்று எழுதுவது பிறர் செய்து பார்க்கத்தானே.

ஆய்வாளர்களுக்குக் கூடுதல் சுமை என்ற பதிலில் மட்டும் நியாயம் இருக்கிறது. மூன்று வருடக் குறிப்பேட்டை யாரும் தட்டச்சு செய்து தர முடியாது. அதனால் நான் கேட்பதும் கொஞ்சம்தான். படிக அமைப்போடு மூலப் படங்கள் ஒரு பொதுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டுரை மதிப்பீட்டுக்கே போகக் கூடாது. தூள் வரைபடம் படமாக வேண்டாம், எண்களாக வேண்டும், பின்னணி கழிக்காமல் வேண்டும். செய்முறையில் கரைப்பான் புட்டி எப்போது திறந்தது, தண்ணீர் எவ்வளவு இருந்தது, மொத்தம் எத்தனை முறை செய்தீர்கள், எத்தனை முறை வந்தது என்று இரண்டு வரி. "10இல் 3 முறை வந்தது" என்று எழுதியதற்காக எந்தக் கட்டுரையையும் நிராகரிக்க மாட்டோம் என்று நீங்கள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்று இல்லாமல் மற்ற எதுவும் நடக்காது, எல்லோரும் பத்துக்குப் பத்து என்றுதான் எழுதுவார்கள்.

முன்னோடி இல்லாமல் கேட்கவில்லை. ஆர்கானிக் சின்தசீஸ் என்ற செய்முறை இதழ் 1921இலிருந்து ஒரு காரியம் செய்து வருகிறது. அங்கே வரும் ஒவ்வொரு செய்முறையையும் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த ஒருவருடைய ஆய்வகத்தில் திரும்பச் செய்து, வந்தால்தான் வெளியிடுகிறார்கள். அதில் வரும் அடிக்குறிப்புகளைப் படித்திருக்கிறீர்களா? எந்த நிறத்துக்கு மாறும்போது நிறுத்த வேண்டும், எந்த வேகத்தில் ஊற்றினால் கெட்டுப்போகும் என்றெல்லாம் இருக்கும். பக்கத்தில் ஒருவர் நின்று சொல்லித் தருகிற மாதிரி. ஒவ்வொரு சட்டகத்தையும் நீங்கள் செய்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்த அடிக்குறிப்புகளுக்கு இடம் கேட்கிறேன்.

ஆய்விதழுக்குக் கடிதம் எழுதும் வேதியியலாளர்கள் எல்லோரும் சரியாகச் சொன்னதாக வரலாறும் இல்லை. 1927இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர் நேச்சர் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சாப்பாட்டு உப்பில் சோடியமும் குளோரினும் சதுரங்கக் கட்டம் மாதிரி மாறி மாறி நிற்கின்றன, தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லை என்று எக்ஸ்-கதிர்ப் படிக ஆய்வின் முன்னோடி பிராக் சொன்னதை அவரால் ஏற்கவே முடியவில்லை. படிக்கச் சுவையாக இருக்கும், முழுத் தவறு. நானும் எங்கேயாவது அப்படித் தவறியிருக்கலாம். தவறியிருந்தால் எந்த இடத்தில் என்று காட்டி எழுதுங்கள்.

என் கட்டுரை ஒன்று இப்போது உங்களில் ஒருவருடைய மேசையில் இருக்கிறது. அதன் துணைக் கோப்பில் ஓர் அட்டவணை வைத்திருக்கிறேன்: 31 முயற்சிகள், வந்தது 9. பொருந்தாத முகடுகள் உள்ள 4 வரைபடங்களும் அப்படியே இருக்கின்றன. அதில் இரண்டு என்ன என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன். மதிப்பீட்டாளர் அதை நீக்கச் சொன்னால், காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

அந்தப் பழைய புட்டியை நான் தூக்கிப் போடவில்லை. மேலே தேதி எழுதி ஒட்டி, அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நுண்துளைப் படிகங்கள் செய்யும் ஒரு வேதியியலாளர்